விருதுநகர் கொடுத்த பை

2012 பிப்ரவரி 6, திங்கள்

இந்த டைரி எங்கள் விருதுநகர் நகைக்கடைக்காரர் பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ‘சேதாரம் இல்லை’ என்று அச்சடித்திருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுத்துக்கொண்டு அதை வாசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் சேதாரம். யாராவது கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போகிறது. பல் விளக்கினால் ரத்தம்.

எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை வேலை செய்வதை நிறுத்திவிட்டதாம். டாக்டர் பெனிலா தாளில் படம் போட்டு விளக்கினாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், என் மகளைவிட ஏழெட்டு வயது மூப்பு இருக்கலாம். நேரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறேன், டைரியில் அவள்தான். இருபது வருஷம் டெலிபோன் யூனியனில் கொடி பிடித்தவள் நான். வேலைநிறுத்தம் என்றால் கோரிக்கை என்று ஒன்று வேண்டாமா? இந்த மஜ்ஜை எதையும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

மருந்து உண்டு. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்தாம். அதை ஏற்றினால் மஜ்ஜை திரும்ப வேலைக்கு வரலாம். ஆனால் அதற்கு முன்னால் ரத்தத்தில் தட்டணு, இவர்கள் பாஷையில் பிளேட்லெட், ஓரளவுக்காவது ஏறி நிற்க வேண்டும். ரத்தத்தை உறைய வைப்பது அதுதான். அது இல்லாமல் குதிரை மருந்தைப் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம் என்று பெனிலா பூசி மெழுகாமல் சொன்னாள். அவளை அதனாலேயே பிடித்துப்போயிற்று. ஆக, யாரோ கொடுக்கும் தட்டணு என் உடம்பில் நிற்க வேண்டும். நின்றால் மருந்து, நிற்காவிட்டால் சங்கு.

“குதிர மருந்தா?” என்றார் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். “ஏற்கெனவே ஒதைக்கத்தான செய்யுதே. இனிமே கனைக்கவும் செய்வே போல.”

வாட்டர் பாட்டிலால் எறிந்தேன். குறி தப்பிவிட்டது.

பிப்ரவரி 8, புதன்

முதல் பை. மோரில் மஞ்சள்பொடி கலந்த மாதிரி நிறம். ரத்தம் என்றால் சிவப்பாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

பாதி இறங்குவதற்குள் குளிர் வந்தது. பல் தந்தியடித்தது. கட்டிலே ஆடியது. நர்ஸ் முத்துமாரி ஓடிவந்து குழாயை அடைத்து, இரண்டு கம்பளியைப் போர்த்தி, ஊசி போட்டாள். அதன் பிறகு நல்ல காய்ச்சல்.

இவர் விறுவிறுவென்று கீழே ரத்த வங்கிக்குப் போனார். இவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். முப்பது வருஷத்தில் ஒரு தம்ளரைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை. அந்த வேலை எல்லாம் என்னுடையது. ஆனால் அங்கே போட்ட சத்தம் மாடிவரைக்கும் கேட்டதாக முத்துமாரி சொன்னாள். விஷயம் என்னவென்றால், அங்கே ஒரு மிஷினில் தட்டு தட்டாகப் பைகளை அடுக்கி, தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். பிரிட்ஜில் வைக்கவில்லையாம்.

“பாலை வெளியில வச்சாலே திரிஞ்சு போவுது. ரத்தத்தை வெளியில வச்சு தாலாட்டிக்கிட்டு இருக்கீங்களே! பிரிட்ஜுக்கு கரண்டு பில்லு கட்டலையா?” என்று கேட்டிருக்கிறார்.

பெனிலாதான் இவரைச் சமாதானம் செய்து கூட்டிவந்தாள். “அய்யா, பிளேட்லெட்டைக் குளிர்ல வச்சா, ஏத்துன உடனே உடம்பு அதைக் கழிச்சுக் கட்டிரும். சாதாரண சூட்டுல அசைஞ்சுகிட்டேதான் இருக்கணும். ஆனா நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அந்தச் சூட்டுல கிருமி வளரலாம். அதனால பையை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன்.”

“கிருமி இல்லைன்னா?”

“கூட ஒட்டிக்கிட்டு வர்ற வெள்ளணு, நாலஞ்சு நாள் பையிலேயே கெடந்து, காய்ச்சல் வர்ற மாதிரி சரக்கைக் கசிய விட்டிருக்கும். அடுத்த தடவை புதுசா எடுத்து, வடிகட்டி ஏத்துவோம்.”

‘தன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது’ என்று ஒரு டாக்டர் சொன்னதை இவர் இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 10, வெள்ளி

பையில் கிருமி இல்லையாம். இவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிப்ரவரி 11, சனி

அடுத்த பை தன்னுடையதுதான் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். “எவன் எவன் என்னத்தத் தின்னு குடுத்தானோ, அது ஒனக்கு எதுக்கு? சொந்த ரத்தம் இருக்கும்போது?” என்கிறார். கட்டிய புருஷன் ரத்தம் எப்படிச் சொந்த ரத்தமாகும் என்று கேட்கலாம்தான். கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரால் கேட்க முடியும்?

ஜன்னலுக்கு வெளியே ஒரு டெலிபோன் கம்பம் தெரிகிறது. கம்பிகள் எப்போதோ போய்விட்டன. கம்பம் மட்டும் சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

எண்பத்தொன்றில் கோவில்பட்டி எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தேன். பெண்பிள்ளை ராத்திரி டூட்டிக்குப் போவதா என்று தெருவே வாயைப் பிளந்தது. என் அப்பா பொன்னம்பலம் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வைத்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் இறக்கிவிட்டு, விடிந்ததும் அதே இடத்தில் வந்து நின்றார்.

லைன் இணைக்கிற அந்த போர்டும், அதில் மின்மினியாக எரியும் விளக்குகளும், கையில் பின்னிக்கொள்ளும் வயர்களும்! காதை அமுக்கிய அந்த ஹெட்போன் என் கொண்டையை ஒரு நாளும் சரியாக இருக்கவிட்டதில்லை. வெளியூருக்குப் போகிற ட்ரங்க் காலில் ஆப்பரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். ஊர்தான் பெயர். “சாத்தூர், லைன் குடுங்க.” “திருநெல்வேலி, இரைச்சலா இருக்கு.” நான் கோவில்பட்டி. விருதுநகர் என்றால் ஒரு ஆண் குரல், அவசரமே இல்லாத குரல். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் எரிந்து விழுவார்கள். விருதுநகர் மட்டும், “கோவில்பட்டி, ஒரு நிமிஷம் பொறுத்துக்கிடுங்க, எடுத்துத் தாரேன்” என்று சொல்லும். எடுத்தும் தரும்.

ஆட்கள் பேசி மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?” என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் இல்லாத நேரத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம். பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே மழையா, இங்கே கரண்ட் இல்லை, இன்றைக்கு என்ன குழம்பு, இவ்வளவுதான். எனக்குப் பயம் வந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?” என்று கேலியாகக் கேட்பேன். “நீட்டிங்க கோவில்பட்டி” என்பார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எட்டு மாசம் இப்படியே நீட்டினோம். பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டோடு நான் நிற்கிறேன், மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரைக்கும் அப்படித்தான். நேருக்கு நேர் முக்கியமான எதுவும் வாயிலிருந்து வராது. போனில் மட்டும் வரும்.

இப்போது நான் டெலிபோன் ஆபீஸ் கவுன்ட்டரில் சிம் கார்டு விற்கிறேன். வாங்குகிற பிள்ளைகளுக்கு ட்ரங்க் கால் என்றால் என்னவென்று தெரியாது. போகட்டும்.

பிப்ரவரி 13, திங்கள்

இன்று இவருடைய பை.

காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனார். மிஷினில் உட்கார வைத்து, ரத்தத்தை எடுத்து, தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி இவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு கையிலும் பஞ்சோடு மேலே வந்தார். “இன்னும் சூடு ஆறலை. ஒனக்குன்னே எடுத்தது” என்றார். பஜ்ஜி வாங்கி வந்த தோரணை.

அவர் கால்மாட்டில் நின்று என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வடிகட்டித்தான் ஏற்றினார்கள். கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி ஆயிற்று. மூச்சு கிடைக்கவில்லை. முன்னைவிட மோசமான குளிர். முத்துமாரி பையைக் கழற்றும்போது, “யாருதுப்பா இந்தப் பை?” என்று சின்ன டாக்டர் கத்தினான். என் பாதத்திலிருந்து கை விலகியது மட்டும் தெரிந்தது.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஏற்றுவதற்கு முன்னால் இருந்ததைவிடத் தட்டணு குறைந்திருக்கிறது. இவர் சாப்பிடவில்லை. கான்டீன் இட்லியை அப்படியே மூடி வைத்திருக்கிறார்.

“என்னுதுல என்ன டாக்டர் கோளாறு? சிகரெட் கெடையாது, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது” என்று பெனிலாவிடம் கேட்டார். அவள், “உங்களுதுல ஒரு கோளாறும் இல்லைய்யா” என்றாள். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 15, புதன்

காலையில் பெனிலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இதற்கு முன் ரத்தம் ஏற்றியிருக்கிறீர்களா? இல்லை. ஏதாவது சாப்பிட்டால் தடிப்பு வருமா? இல்லை. “பிள்ளைங்க ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணுதான்” என்றேன்.

இவர் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இருக்கிறதைத்தான் எண்ணுவார்கள். போனதையும் சேர்த்து எண்ணினால் இருக்கிறதுக்கு ஆகாது என்று என் மாமியாரும் சொன்னாள், என் அம்மையும் சொன்னாள். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பொம்பளைகள் அதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ரேஷன் கார்டில் ஒன்று, ஆபீஸில் ஒன்று, கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் ஒன்று. இத்தனை வருஷத்தில் வாய்க்கு அதுதான் பழக்கம். என் மகள் கோமுவுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

தட்டணுவோடு வருகிற அந்த மஞ்சள் நீர் எனக்குச் சேரவில்லையோ, ஒவ்வாமையோ என்று பெனிலா யோசிக்கிறாள். அடுத்த பையை அலசி ஏற்றலாமாம். சென்னையிலிருந்து மகள் கோமதி நாளை வருகிறாள். அவளிடம் எடுப்பதாக ஏற்பாடு.

கைக்கு மோதிரம் லூசாகிவிட்டது. கழற்றி இவர் சட்டைப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கோமு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக நர்ஸுகளுக்கு உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள். என் வாய் அப்படியே. ரத்தம் சோதித்தாயிற்று, நாளைக் காலையில் எடுப்பதாக இருந்தது. பெனிலா சாயங்காலம் வந்து எல்லோருக்கும் விவரம் சொன்னாள். சொந்தக்காரர்கள் ரத்தம் என்றால் எக்ஸ்ரே மாதிரி ஒரு கதிர் காட்டித்தான் ஏற்ற வேண்டுமாம், சொந்தம் என்பதாலேயே அதில் வேறு ஆபத்து இருக்கிறதாம். இவர் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்துச்சு. பிரசவம் ஆன பொம்பளைங்க உடம்புல சிலருக்கு ஒரு எதிரணு உண்டாகியிருக்கும். அடுத்தவங்க பிளேட்லெட்டை அது அடிச்சு நொறுக்கிரும். ஆனா ஒரு பிரசவத்துல அதுக்கு வாய்ப்பு கம்மி. ரெண்டு மூணுன்னா முதல்லயே அதைத்தான் தேடியிருப்பேன்” என்றாள்.

இவர் ஜன்னலைப் பார்த்தபடியே, “மூணு” என்றார்.

“என்னய்யா?”

“மூணு, டாக்டர். கோமு மூணாவது.”

கோமு என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. அவளுக்கு இது தெரியாது.

பெனிலா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “மத்த ரெண்டும்மா?” என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார். “மொதலு அஞ்சு மாசத்துல போச்சு. எம்பத்தி நாலு, பங்குனி. ரெண்டாவது ஆம்பளப் பிள்ள. பொறந்து நாலு நாள் இருந்தான்.” மாசம் முதற்கொண்டு. இந்த மனுஷன் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்குக் கோமுவிடம் எடுக்க வேண்டாம் என்று பெனிலா அங்கேயே போன் போட்டு நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாக விளக்கினாள். “பிள்ளை உடம்புல பாதி அப்பாவோட அடையாளம்மா. வயித்துல இருக்கும்போதும், பொறக்கும்போதும் பிள்ளை ரத்தம் கொஞ்சம் உங்க ரத்தத்துல கலக்கும். உங்க உடம்பு அதைப் பார்த்து, இது எனக்குள்ள இருக்கு, ஆனா என்னுது இல்லைன்னு குறிச்சு வச்சுக்கும். குறிச்சது யாரோட அடையாளத்தை? அய்யாவோடதை. இத்தனை வருஷம் அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு. முதல் பை எழுப்பிவிட்டுது. ரெண்டாவதா அய்யாவோட பையே நேரா போய் நின்னுது.”

“அப்ப எங்கிட்ட எடுத்தா?” என்றாள் கோமு.

“நீங்களும் பாதி அப்பாதானே.”

“இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“உடம்பு அதையெல்லாம் லேசுல மறக்காதும்மா.”

ஊரில் எத்தனை பேருடைய ரத்தம் எனக்கு ஆகாதோ தெரியாது. ஆகவே ஆகாதது என்று ஒன்று இருந்தால் அது இவருடையது. கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் மட்டும், “அப்ப என் கோளாறு இல்ல” என்றார். பிறகு மூடி வைத்திருந்த ராத்திரிச் சாப்பாட்டைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

பிப்ரவரி 18, சனி

கோமு தலைசீவி விட்டாள். சீப்பு தலையில் அழுந்தாமல் பூ மாதிரி சீவினாள். “எனக்கு ஒரு அண்ணன் இருந்தானாம்மா?” என்று கேட்டாள்.

“இருந்தான்.”

“எப்படி இருப்பான்?”

சொன்னேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொல்கிறேன். தலை நிறைய முடி. காது மட்டும் இவர் காது, விளிம்பு மடிந்திருக்கும். பால் குடிக்கும்போது ஒரு காலை உதைத்துக்கொண்டே இருப்பான். எண்பத்தைந்து ஐப்பசியில், கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நல்ல மழையில் பிறந்தான். என் ஜோடி ஆப்பரேட்டர் ராஜாத்திக்கா எக்ஸ்சேஞ்சுக்கு ஓடிப்போய், விருதுநகரைக் கூப்பிட்டு, “விருதுநகர், ஆம்பளப் பிள்ளை!” என்று கத்தியிருக்கிறாள். இடையில் சாத்தூர் கேட்டிருக்கிறது, அந்தப் பக்கம் திருநெல்வேலி கேட்டிருக்கிறது. எல்லா ஊரும் லைனில் வந்து வாழ்த்துச் சொன்னதாம். மிட்டாய் எப்போது என்று சங்கரன்கோவில் கேட்டதாம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த லைன் பூராவும் எங்களுக்குச் சொந்தம்.

நாலாம் நாள் மூச்சுத் திணறல் வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகக் கார் கூப்பிட்டார்கள். கார் வந்தது, ஆனால் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. விருதுநகரைக் கூப்பிட்டுச் சொன்னதும் ராஜாத்திக்காதான். அன்றைக்கும் எல்லா ஊரும் லைனில் இருந்ததாம், ஒரு ஊரும் பேசவில்லையாம்.

பதினாறு நாள் ஆகவில்லை, அதனால் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததை எண்ணக் கூடாது என்றார்கள். நான் எண்ணவில்லை. என் உடம்பு எண்ணி வைத்திருக்கிறது. நேற்றிலிருந்து அதை நினைத்தால் என் உடம்பின்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பிள்ளையின் அடையாளம் என்று வேறெதுவும் என்னிடம் கிடையாது. ஒரு போட்டோகூட இல்லை.

கோமு சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். கன்றிப்போகும், விடுடி என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

சென்னைக்கு அனுப்பிய என் ரத்தத்தில் எதிரணு இருப்பது உறுதி என்று தகவல். இனி, ரத்த வகை மட்டும் ஒத்துப்போனால் போதாது. என் ரத்தத்தோடு கலந்து பார்த்து, சண்டை போடாத ஆளைத் தேட வேண்டும். எங்கள் காலத்து பி.பி. கால் மாதிரிதான். நம்பர் கிடைத்துவிட்டால் போதாது, குறிப்பிட்ட அந்த ஆளே வந்து போனை எடுக்க வேண்டும்.

யூனியன் ஆட்கள் மூன்று பேர் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஆகவில்லை. கூடப் பிறந்தவர்களிடம் வாய்ப்பு அதிகம் என்கிறாள் பெனிலா.

எனக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், தம்பி நெல்லையப்பன். கோவில்பட்டியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கரண்ட் கம்பியை வெறுங்கையால் தொடுவான். ஊசி என்றால் மட்டும் செத்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட வந்தபோது வேப்பமரத்தில் ஏறிக்கொண்டு சாயங்காலம்வரை இறங்கவில்லை. அப்பா கீழே நின்று கெஞ்ச, நான் கல்லெடுத்து எறிந்தேன். அவன் கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றவன்.

இன்று காலையில் வந்து நிற்கிறான். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வியர்வை.

“ஏல, எதுக்கு வந்தே?” என்றேன்.

“அத்தான் போன் பண்ணுனாரு.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலக்கா. நெல்லையப்பான்னு கூப்ட்டாரு. அதுக்கு மேல பேச்சு வரல. நான் பஸ் ஏறிட்டேன்.”

சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்க உட்கார்ந்ததுமே மயங்கி விழுந்திருக்கிறான். முத்துமாரி முகத்தில் தண்ணீர் தெளித்தாளாம். கண் திறந்ததும், “முடிஞ்சிட்டா?” என்று கேட்டானாம். “இன்னும் குத்தவே இல்லையே” என்றாளாம்.

பிப்ரவரி 22, புதன்

ஈறில் ரத்தம் நிற்கவில்லை. எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது. கோமுவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 23, வியாழன்

நெல்லையப்பனுடையது ஒத்துப்போகிறது. என் ரத்தம் அவனோடு சண்டை போடவில்லையாம். ஐம்பது வருஷமாக நான் போடாத சண்டையா!

பிப்ரவரி 24, வெள்ளி

மிஷினில் அவனை உட்கார வைத்ததும், பக்கத்தில் இவர் உட்கார்ந்து கண்ணைப் பொத்திவிட்டாராம். ஒன்றரை மணி நேரம். கையை எடுக்கவே இல்லையாம். இவருக்கும் கொடுக்க ஏதோ ஒன்று கிடைத்தது.

மத்தியானம் பை வந்தது. கதிர் காட்டி, வடிகட்டி, மெதுவாக இறக்கினார்கள். நான் குளிருக்காகக் காத்திருந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், முத்துமாரி கையில் கம்பளியோடு. பாதி ஆயிற்று. முக்கால் ஆயிற்று. பை சுருங்கிக் கடைசிச் சொட்டும் இறங்கியது. குளிர் வரவில்லை. எனக்குப் பசி வந்தது.

“தயிர்சாதம் இருக்கா?” என்று கேட்டேன். கோமு வாசலில் நின்று அழுதாள்.

பிப்ரவரி 25, சனி

தட்டணு முப்பத்தோராயிரம். நிற்கிறது.

நெல்லையப்பன் மடித்துவிட்ட சட்டைக்கையும் பஞ்சுமாக வார்டு வார்டாகப் போய்த் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரமும் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். கண்ணைப் பொத்த அத்தான் வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பிப்ரவரி 28, செவ்வாய்

நாளைக் காலையில் குதிரை மருந்து ஆரம்பம். அதற்காக என்னைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிச் சுவர். கிருமி வந்துவிடும் என்பதால் டாக்டரும் நர்ஸும் மட்டும்தான் உள்ளே. கோமு டைரியைத் துடைத்து, பேனாவைத் துடைத்து, செல்போனைத் துடைத்து உள்ளே அனுப்பினாள்.

இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கையசைத்தேன், அவரும் அசைத்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தார். என் போன் அடித்தது.

“கோவில்பட்டியா?”

இந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. “சொல்லுங்க விருதுநகர்” என்றேன்.

“ஒரு கால் புக் பண்ணுனது அப்படியே நிக்குது. எம்பத்தி அஞ்சுலருந்து.”

“யாருக்கு?”

“ஒனக்குத்தான்.” தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார், பெண் பார்க்க வந்த அன்று மாதிரி. ஆனால் குரல் வந்தது. “அன்னைக்கு லைன்ல எல்லா ஊரும் என்ன பேருன்னு கேட்டானுவ. வாய் நிக்காம சொல்லிட்டேன். சாத்தூருக்குத் தெரியும், திருநெல்வேலிக்குத் தெரியும், சங்கரன்கோவிலுக்குத் தெரியும். ஒனக்கு மட்டும் சொல்லல. பதினாறாம் நாளு சொல்லலாம்னு இருந்தேன். மொதப் பிள்ளைக்கு எங்க அப்பா பேரத்தான் வைக்கணும்னு எங்க அம்மை நிப்பா. சண்ட வருமேன்னு வாயத் தொறக்கல.”

“என்ன பேரு?”

“பொன்னம்பலம்” என்றார். “ஒங்க அப்பா பேரு. ஒன்னய சைக்கிள்ல கொண்டுவந்து விட்டாரு பாரு, அவரு மட்டும் விடலைன்னா எனக்கு லைனே கெடச்சிருக்காது.”

கண்ணாடியில் என் முகமும் அதற்குப் பின்னால் அவருடைய மடிந்த காதும் தெரிந்தன. பொன்னம்பலம், பொன்னம்பலம் என்று மனசுக்குள் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

இனிமேல் யார் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்லப்போகிறேன். கோமுவுக்கு ஒன்றும் வராது. அவளுக்கு மேலே ஒரு அண்ணன் இருக்கிறான்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நான் பழைய போர்டுக் குரலில் சொன்னேன்.

“விருதுநகர், மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?”

தலையை நிமிர்த்தி, கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தார்.

“நீட்டிங்க கோவில்பட்டி” என்றார்.